ஓடாதவர்

நான் கண்டக்டராகப் போகும் திருச்சுழி ரோட்டில் ஒருவர் தினமும் காலையில் நடைப்போட்டிக்குப் பழகுவார். ஒல்லியான ஆள். இடுப்பை வெட்டி வெட்டி, சைக்கிளையே முந்துகிற நடை.

“அதுக்கு ஓடிறலாம்லப்பா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இந்த வேகத்துல காலு தன்னால ஓடத்தான் பாக்கும்ண்ணே. ஓட்டந்தான் அப்ப லேசு. ஒருக்கா விட்டுட்டா போட்டியிலயும் ஓடிரும், வெளியேத்திருவாக.”

ஒருநாள் பஸ் கிளம்பும்போது தூரத்தில் வந்தார். பஸ்ஸுக்கென்றால் ஓடி வருவாரே, பழகத்தான் வருகிறார் என்று கிளம்ப இரண்டு விசில் கொடுத்தேன். நகர்ந்த பிறகுதான் தோளில் பை தெரிந்தது. கையைக் காட்டினார், அப்போதும் ஓடவில்லை. நிறுத்த ஒரு விசில் போதும். நேரமாகிவிட்டதென்று ஊதவில்லை.

அன்றைக்கு மதுரையில் அவருக்குத் தேர்வுப் போட்டி என்று பிறகு டீக்கடையில் சொன்னார்கள்.

இப்போதும் நடக்கிறார். பக்கத்தில் போகும்போது நானாக ஒரு விசில் கொடுத்து பஸ்ஸை நிறுத்துகிறேன். “போங்கண்ணே” என்கிறார், நடையைக் குறைக்காமல்.