கடலோர மண்டபத்துக்குப் போன என் ஏசல்

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் நலுங்கு வைக்கும்போது பெண்கள் ஏசல் பாடுவார்கள். பெண் வீட்டுக்காரி ஒருத்தி மாப்பிள்ளை வீட்டைக் கிண்டல் செய்து பாடினால், அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தி உடனே பதில் பாட வேண்டும். பதில் வராவிட்டால் அந்தப் பக்கம் தோற்றதாகக் கணக்கு. நானும் என் அண்ணன் மனைவியான மதினியும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துவிடுவோம். வரிகள் பெரும்பாலும் நான் கட்டியவை. கூச்சத்தில் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டுதான் பாடுவேன்.

ஒருமுறை தாடிக்கொம்புக் கல்யாணம் ஒன்றுக்கு ராமநாதபுரம் கடற்கரைப் பக்கமிருந்து ஒரு வாத்தியார் வந்திருந்தார். அவர் ஊரில் கடலைப் பார்த்தபடி ஒரு பழைய கச்சேரி மண்டபம் இருந்ததாம். யுத்த காலத்தில் பூட்டிய பிறகு அதில் கருவாட்டு மூட்டைதான் அடுக்கினார்களாம். இப்போது ஊர் கூடி, கழுவிச் சுண்ணாம்படித்து, மறுபடி கச்சேரி வைக்கப் போகிறார்களாம்.

"தொறப்பு விழாவுல நீங்க ரெண்டு பேரும் ஏசல் பாடணும்மா" என்றார்.

நான் கடலையே பார்த்ததில்லை. அன்றிலிருந்து வேலைக்கு நடுவே புதுப்புது வரி கட்டி, ஒவ்வொன்றையும் மதினிக்குப் பாடிக் காட்டினேன்.

"ஏத்தா, விழாவத் தள்ளி வச்சுட்டாகளாம். இன்னும் கருவாட்டு வாடை போகலையாம்" என்றார் மதினி ஒரு நாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அடுத்த வாரம் வத்தலக்குண்டில் இருக்கும் தன் தங்கச்சி வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். விழாவுக்கென்று வைத்திருந்த என் நல்ல சேலையை நானே எடுத்துக் கொடுத்தேன்.

தை மாதம் அதே தாடிக்கொம்பு வீட்டில் இன்னொரு கல்யாணம். வாத்தியாரும் வந்திருந்தார்.

"தொண்டை தேவலையாம்மா? நீங்க வர முடியலைன்னாலும் ஒங்க மதினியும் அவுக தங்கச்சியும் பாடி மண்டபத்தையே சிரிக்க வச்சுட்டாக. எம்புட்டு வரி கட்டியிருக்காக மதினி!"

சமையல்கட்டில் மதினி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"அம்புட்டு சனத்துக்கு முன்னாடி வாயப் பொத்திக்கிட்டு நிப்ப. யாருக்கு மானம் போகும்?"

"அத எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல மதினி?"

"சொன்னா வரியக் குடுத்திருப்பியா?" துருவுவதை அவர் நிறுத்தவில்லை.

நலுங்கில் மதினி பெண் பக்கம், நான் மாப்பிள்ளை பக்கம். ஒன்றும் நடக்காதது போல அவர் பாட்டை எடுத்தார்:

"மாப்பிள்ளை மீசையைப் பார், மழை காணாக் கோரைப்புல்லு!"

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். பதில் நாக்கு நுனியில் இருந்தது. நான் வாய் திறக்கவில்லை.

"ஏ, மாப்ள வீடு தோத்துருச்சு டோய்!" என்று ஒருத்தி கத்தினாள்.

மதினி அதோடும் விடவில்லை. எங்கள் பக்கத்துப் பதிலையும் அவரே பாடினார். அதுவும் நான் கட்டியதுதான். கூடம் முழுக்க ஒரே சிரிப்பு. என்னிடம் வந்த சந்தனக் கிண்ணத்தைத் தொடாமல் அடுத்தவளிடம் தள்ளிவிட்டேன்.