ஆறு வில்லை பாகற்காய்

ஊரப்பாக்கத்தில் என் வீட்டுக்கு வந்திருக்கும் தங்கை ஸ்டெல்லா இன்று பாகற்காய் வதக்கினாள். அந்தக் கசப்பு வாசனை மூக்கில் ஏறியதும், ஐம்பது வயதிலும் எனக்குப் பழைய எரிச்சல் திரும்பி வந்தது.

பல்லாவரத்தில் குடியிருந்தபோது, அம்மா வெள்ளிக்கிழமைச் சந்தையில் பாகற்காய் வாங்கி வருவார். ஆளுக்கு ஆறு வில்லை கட்டாயம். நான் மாத்திரை மாதிரி தண்ணீரோடு விழுங்கிவிட்டு இரண்டே நிமிடத்தில் எழுந்து ஓடுவேன். ஸ்டெல்லா ஒவ்வொன்றாக எடுத்து, நிதானமாக மெல்லுவாள். பள்ளிக்கூட டீச்சரான அம்மா, திருத்த வேண்டிய நோட்டுகளை அப்படியே போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

"பாரு, எப்படி ரசிச்சுச் சாப்பிடுறா!"

எனக்கு வயிறு எரியும்.

"உனக்கு மட்டும் அது எப்படிடி பிடிச்சுது?" என்று இன்று கேட்டே விட்டேன்.

ஸ்டெல்லா கரண்டியை நிறுத்தவில்லை. "யாருக்குப் பிடிச்சுது? குமட்டிக்கிட்டு வரும்க்கா. ஆனா நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அம்மா நோட்டைத் தொட மாட்டாங்கல்ல?"

இத்தனை வருடம் அவளுடைய நாக்கைப் பார்த்தா பொறாமைப்பட்டேன்? ஆறு வில்லையை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அம்மாவைப் பக்கத்திலேயே உட்கார வைத்திருக்கிறாள், கள்ளி.

எனக்கு இரண்டு நிமிடம்தான்.