படித்துறை மாமி

எங்கள் வீட்டில் யாருக்கும் ஜப்பானிய மொழி தெரியாது. ஆனாலும் அண்ணாவும் நானும் ஒரு ஜப்பானிய வீடியோ கேமை முழுக்க முழுக்கத் தமிழில் விளையாடினோம். மஸ்கட்டிலிருந்து வந்த சித்தப்பா, ஜப்பானுக்குத் திரும்பிப் போன யாரோ விட்டுச் சென்ற கேம் பெட்டி என்று அதைக் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே ஒரே ஒரு டிஸ்க். திரையில் வரும் எழுத்து ஒன்றும் புரியாது. அதனால் என்ன? அண்ணா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எல்லோருக்கும் குரல் கொடுத்தான். ராஜா மலையாளம் பேசினார், எங்கள் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் மாதிரியே. கிராமத்து ஜனங்கள் எல்லோரும் எங்கள் வலியசாலைத் தெருத் தமிழ் பேசினார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

அது சண்டை மட்டும் போடுகிற விளையாட்டு இல்லை. ஒரு வீரன், அவனுக்கு இரண்டு துணை. ஊர் ஊராக நடந்து, கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் பேச்சுக் கொடுத்து, சத்திரத்தில் படுத்து எழுந்து பலம் ஏற்றிக்கொண்டு, கடைசியில் ஒரு பெரிய கல்வாசலுக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்குள் நுழைந்தால் முடிவு. வாசலுக்கு முந்தைய கிராமத்தில் ஒரு குளம், குளத்தில் படித்துறை, படித்துறையில் ஒரு பெண். நாங்கள் அவளைப் படித்துறை மாமி என்று கூப்பிட்டோம். எப்போது போனாலும் அவளோடு பேசாமல் நான் நகர மாட்டேன். அவள் சொல்வது எப்போதும் ஒன்றுதான். அண்ணா குரலை இழுத்து, தலையை ஆட்டிச் சொல்லுவான்: "என்ன அவசரம்? நாள் பாத்துப் போங்கோ. நான் குளிக்கப் போறேன்."

நாள் பார்ப்பது எங்கள் வீட்டின் வியாதி. தமிழ்ப் பஞ்சாங்கம் ஒன்று, மலையாளக் கலண்டர் ஒன்று, இரண்டும் சமையல்கட்டுச் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். தமிழில் அஷ்டமி நவமி ஆகாது, மலையாளத்தில் கர்க்கடக மாசம் ஆகாது, நடுவில் ராகுகாலம், ஜன்ம நட்சத்திரம், சந்திராஷ்டமம். ஒரு பஞ்சாங்கம் பார்க்கிறவனுக்கு நல்ல நாள் கிடைக்கும். இரண்டு பஞ்சாங்கம் பார்க்கிறவனுக்கு ஒன்றும் மிஞ்சாது. அந்தக் கல்வாசலுக்குள் போவதற்கும் அண்ணா நாள் பார்த்தான். இன்றைக்கு ஆகாது, நாளைக்குப் பரணி, அப்புறம் பரீட்சை. வீரனைத் திருப்பிச் சத்திரத்துக்கு அழைத்துப் போவோம். அப்படியே ஒரு மழைக்காலத்தில் மின்னல் அடித்து அந்தப் பெட்டி உயிரை விட்டது. நாங்கள் வாசலுக்குள் போகவே இல்லை.

இதெல்லாம் இப்போது ஞாபகம் வரக் காரணம் அண்ணாவின் கழுத்து.

அப்பா அம்மா போன பிறகு வலியசாலை வீட்டில் அவன் மட்டும்தான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரியிடம் வேலை. நான் கழக்கூட்டத்தில் ஒரு வாடகை ஃபிளாட்டில் இருக்கிறேன். மென்பொருளில் குறை கண்டுபிடிப்பதுதான் எனக்கு உத்தியோகம். ஓணத்துக்குப் போனபோது அவன் காதுக்குக் கீழே ஒரு வீக்கத்தைப் பார்த்தேன், சுண்டைக்காய் அளவு. அடுத்த முறை பார்த்தபோது நெல்லிக்காய் ஆகியிருந்தது. டாக்டரிடம் காட்டியதாகவும், ஊசி குத்திச் சதை எடுத்துப் பரிசோதிக்கச் சொன்னதாகவும், நாள் பார்த்துப் போகப் போவதாகவும் சொன்னான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கட்டிக்கு எந்தப் பஞ்சாங்கம் தெரியும் என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, அரைத்துவிட்ட சாம்பாரை இன்னொரு கரண்டி ஊற்றினான்.

அதற்கப்புறம் ஃபோனில் இதே பாட்டுத்தான். ஒரு வாரம் அஷ்டமி. ஒரு வாரம் கடையில் ஸ்டாக் எடுக்கிறார்கள். ஒரு வாரம் அவன் நட்சத்திரம். துலாவர்ஷம், ஐப்பசி மழை, தொடங்கிவிட்டது. தினமும் மத்தியானத்துக்கு மேல் கிழக்கே மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வரும், இடி இறங்கும். ஆபீஸ் கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என்னவோ வந்துகொண்டிருக்கிறது, எனக்கு மட்டும்தான் தெரிகிறது என்று தோன்றும். பயமாக இருந்தது. வேறு நல்ல வார்த்தை தேட வேண்டியதில்லை, பயம்தான்.

அந்த நாட்களில்தான் அதே பழைய விளையாட்டை இங்கிலீஷில் மாற்றிப் புதிதாக விற்கிறார்கள் என்று கண்ணில் பட்டது. வாங்கி லாப்டாப்பில் போட்டேன். ஆபீஸ் விட்டு வந்து, மழை விழும் பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக விளையாடினேன். அண்ணாவின் தமிழ் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. ஹெட்மாஸ்டர் ராஜா உண்மையில் ஊரைக் காட்டிக்கொடுத்தவன். நாங்கள் கல்யாண ஊர்வலம் என்று நினைத்துக் கைதட்டியது ஜனங்கள் ஊரைக் காலி செய்துகொண்டு போவது. முதலில் சிரிப்பாக இருந்தது. போகப் போகச் சிரிப்பு நின்றது. வரைபடத்தில் ஓரமாகக் கறுப்பாக ஒரு திட்டு உண்டு. ஆறு பெருகி வருகிறது, இனிமேல் பஞ்சம் இல்லை என்று அண்ணா சொல்லியிருந்தான். அது ஆறு இல்லை. உலகத்தை விழுங்க வருகிற தண்ணீர். வீரன் சத்திரத்தில் படுத்து எழும் ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் ஏறுகிறது.

எங்களுக்குச் சத்திரம் என்றால் உயிர். ஓசியில் பலம் ஏறுகிறதே என்று எத்தனை தடவை படுத்திருப்போம்!

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அந்தக் கடைசிக் கிராமத்துக்கு வந்து சேர்ந்தேன். மாமி படித்துறையில் நின்றாள், தண்ணீர் முழங்கால் அளவுக்கு. சின்ன வயதில் போகப் போக அவள் ஆழத்தில் நின்றது ஞாபகம் வந்தது. இடுப்பு வரை, அப்புறம் மார்பு வரை. குளிக்க இறங்குகிறாள் என்று அண்ணா சொன்னான், நம்பினேன். கிட்டே போய்ப் பட்டனை அழுத்தினேன். அவள் சொன்னதைப் படித்துவிட்டு லாப்டாப்பை மூடிவிட்டேன். அவள் சொன்னது இதுதான்: நான் இறங்கவில்லை, தண்ணீர்தான் ஏறுகிறது, நீங்கள் இன்னுமா போகவில்லை?

எங்கள் விளையாட்டில் ஒரு நாள் அவள் படித்துறையில் இல்லாமல் போனாள். எங்கே என்று கேட்டேன். குளித்து முடித்து ஆத்துக்குப் போய்விட்டாள் என்றான் அண்ணா. நானும் சரி என்று அடுத்த வேலையைப் பார்த்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே லாப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வாயால் சொல்லிக் கேட்காதவனுக்குக் கண்ணால் காட்டலாம் என்று நினைப்பு. வலியசாலைத் தெருவில் மழைத் தண்ணீர் கணுக்கால் வரை ஓடிக்கொண்டிருந்தது. அண்ணா கழுத்தில் தோர்த்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தான். மழைக்குக் குளிர்கிறதாம். அவன் காப்பி கலக்கத் திரும்பியபோது தோர்த்து நழுவியது. கட்டியின் மேல் ஒரு சின்ன பிளாஸ்திரி. என்ன அது என்று கேட்டேன். ஷேவ் பண்ணும்போது பிளேடு பட்டுவிட்டது என்றான். குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள் நான். நம்பிவிட்டேன்.

சமையல்கட்டு மேஜையில் லாப்டாப்பை வைத்துத் திறந்தேன். அதைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. வீரனைப் பார், அதே கிழிந்த சட்டை, ராஜா எங்கே, ஹெட்மாஸ்டர் எங்கே என்று பழைய குரல்களையெல்லாம் எடுத்துவிட்டான். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வீரனைப் படித்துறைக்கு நடத்திக்கொண்டு போனேன். வெளியே இடி உறுமிக்கொண்டிருந்தது, கரண்ட் போய்ப் போய் வந்தது.

"மாமி என்ன சொல்றான்னு படிண்ணா," என்றேன்.

பட்டனை அழுத்தினேன். அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தான். ரொம்ப நேரம் படித்தான், அது இரண்டே வரி. அவன் அதிர்ந்துபோவான், நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்பான் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"எனக்கு அப்பவே தெரியும்டீ," என்றான்.

ஜப்பானிய மொழி எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"பாஷை எதுக்கு? படத்துல தண்ணி ஏறிண்டே இருந்ததே. அவ நின்ன எடத்துலயேதான் நின்னா. நீ சின்னக் குழந்தை, பயந்துடுவே. அதான் குளிக்கறான்னு மாத்திச் சொன்னேன்."

அவன் சுவரைப் பார்த்தான், நானும் பார்த்தேன். தமிழ்ப் பஞ்சாங்கத்தில் அன்று அஷ்டமி. மணி ஐந்து, ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் நடந்துகொண்டிருந்தது. மலையாளக் கலண்டர் போன மாசத்துப் பக்கத்திலேயே நின்றுவிட்டிருந்தது. திருப்புவதை அவன் எப்போதோ விட்டுவிட்டான். வாராவாரம் எனக்கு ஃபோனில் நாள் பார்த்துச் சொன்னவன் கலண்டரையே பார்க்கவில்லை.

அப்போதுதான் பிளாஸ்திரி ஞாபகம் வந்தது.

"அண்ணா, கழுத்துல அது பிளேடு பட்டது இல்லியே?"

அவன் லாப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். படித்துறையிலிருந்து வீரனைத் திருப்பினான். சத்திரத்துப் பக்கம் போகிறானோ என்று பார்த்தேன். போகவில்லை. கல்வாசலைப் பார்த்து நடத்தினான். சின்ன வயதில் நாங்கள் எத்தனையோ தடவை வந்து திரும்பிய அதே வாசல்.

"இன்னைக்கு அஷ்டமி," என்றேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவனைத் தடுக்க வேறு எதுவும் என் கையில் இல்லை.

"பின்னே, இருக்கட்டும்," என்றான். விரல் பட்டன் மேல் இருந்தது, இன்னும் அழுத்தவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே, பால் வாங்கிவரச் சொல்வதுபோலச் சொன்னான்.

"ரிசல்ட் வந்துடுத்து. டாக்டர், ஆத்து மனுஷா யாரையாவது அழைச்சுண்டு வரச் சொல்லியிருக்கார். நாளைக்கு லீவ் போடறியா?"

போடுகிறேன் என்று சொன்னேன். அண்ணா பட்டனை அழுத்தினான்.