சித்தி நட்ட தெங்கு

ஒரு வாரம் நின்றுவிட்டுப் போவதாகச் சொல்லி எங்கள் தக்கலை வீட்டுக்கு வந்த சித்தி, மூன்றாம் நாளே மண்வெட்டி எங்கே என்று கேட்டாள். நான் அப்போது இரண்டாம் வகுப்பு. அம்மாவின் ஒரே தங்கை அவள். அந்தப் புழுக்கத்திலும் மணிக்கட்டுவரை மூடிய சுடிதார் போட்டிருந்தாள். அதுதான் இப்போதைய ஸ்டைல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பின்முற்றம் அன்றைக்கு முற்றமே அல்ல. மழை பெய்தால் காலிலிருந்து செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும் சேறு. துணி துவைத்த தண்ணீர் போக வழி தெரியாமல் துவைக்கிற கல்லைச் சுற்றியே நிற்கும். ஆள் வைத்துச் சரியாக்க வேண்டும் என்று அப்பா ஒவ்வொரு மழைக்கும் சொல்வார். சித்தி ஆளுக்குக் காத்திருக்கவில்லை. கல்லடியிலிருந்து வேலிவரை ஒரு சால் வெட்டித் தண்ணீரைத் திருப்பினாள். காய்ந்த இடத்தைக் கொத்தித் தண்டங்கீரை விதை தூவினாள். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். கீரையைப் பறித்துத் தின்றும் முடித்தோம். சித்தி போகவில்லை.

பக்கத்தில் ஒரு கல்ஃப்காரர் வீடு கட்டிக்கொண்டிருந்தார். அங்கே மிஞ்சிய டைல்களைக் கேட்டு வாங்கிச் சுமந்து வந்தாள். பாறைப்பொடி பரப்பி, ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்து, தனியாகவே பதித்தாள். பளபளப்பில் பத்மநாபபுரம் அரண்மனைத் தரை தோற்றுப்போகும். முதல் மழையில் அப்பா அதில் வழுக்கி மல்லாந்து விழுந்தார்.

"ஆளைக் கொல்லுததுக்கா போட்டிருக்க?" என்றார்.

மறுநாள் சித்தி ஒவ்வொரு டைலாகப் பெயர்த்து, சொரசொரப்பான அடிப்பக்கம் மேலே வரும்படி கவிழ்த்துப் போட்டாள். பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு அங்கே ஒருவரும் விழவில்லை. மாலையில் அப்பா நாற்காலியைப் போட்டு அங்கேயே டீ குடிக்க ஆரம்பித்தார். இன்றைக்கும் எங்காவது நல்ல முற்றத்தைப் பார்த்தால் எனக்குச் சித்தியின் கைகள்தான் ஞாபகம் வருகின்றன. அப்படி ஒரு கெட்டிக்காரியை நான் பிறகு பார்த்ததில்லை.

அடுத்து அவள் மட்டி வாழைக் கன்று ஒன்றைக் கொண்டுவந்தாள்.

"ஏட்டி, இது குலை தள்ளுததுக்கு ஒரு வருசம் ஆவும்" என்றாள் அம்மா.

"தெரியும்க்கா."

அம்மாவின் முகம் சுண்டிப்போனது. வாழைப்பழம் பிடிக்காதவர்களும் உண்டா என்று எனக்கு ஆச்சரியம்.

அதற்கும் பிறகுதான் தெங்கு. இப்போது சித்தி சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு வேலை செய்தாள். கையில் அங்கங்கே பொட்டுப் பொட்டாகக் கறுத்துக் கிடந்ததை மண்கறை என்றே நினைத்தேன். கழுவினால் போய்விடும் என்று அவளிடம் சொல்லவும் செய்தேன். குழியில் தென்னம்பிள்ளையை இறக்கியபோது அம்மா ஓடிவந்தாள்.

"தெங்கு காய்க்க அஞ்சாறு வருசம் ஆவும்டி. ஆளுவ கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இளநீர் வரும் என்று குதித்துக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா லட்டுப் பெட்டியோடு காரில் வந்தார். முற்றத்தில் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார். "கொள்ளாமே! யாரு செஞ்சது?" என்று மெச்சினார். சித்தி சுருட்டியிருந்த கையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"நின்னது போதும். கெளம்பு" என்றார் சித்தப்பா.

அம்மா தரையைப் பார்த்தாள். சித்தி தென்னம்பிள்ளையைப் பார்த்தாள்.

"தெங்கு இன்னும் வேரு பிடிக்கல்ல. தண்ணி விடணும்" என்றாள்.

இவ்வளவுதானா விஷயம் என்று எனக்குத் தோன்றியது. முன்னால் போய் நின்று, "நீங்க போயிட்டு வாங்க சித்தி. தண்ணி நான் விடுதேன்" என்றேன்.

அம்மா என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். சித்தப்பா சிரித்தார். அப்பா டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அவ வச்ச தெங்குக்கு அவதான் தண்ணி விடுவா" என்றார் சித்தப்பாவிடம். "நீரு டீயக் குடிச்சிட்டுக் கெளம்பும்."

கார் போன பிறகு சித்தி குடத்தை எடுத்துக்கொண்டு தெங்கடிக்குப் போனாள். ஒரு குடம் தண்ணீர் ஊற்றக்கூட என்னை நம்பாத அப்பாவோடு அன்று முழுக்க நான் பேசவில்லை.