மச்சானுக்கு ஒரு நல்ல குணம்

மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார் கணவர். பழைய தலையணை உறையை இறக்கைக்கு மாட்டி இழுத்தால் தூசி கீழே சிந்தாது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் இப்படி நிறையக் கண்டுபிடிப்புகள். வருகிறவர் அண்ணாந்து பார்க்கப்போவதில்லை என்று அவள் சொல்லிப் பார்த்தாள். மேடையில் உட்கார்ந்து பழகியவர் முதலில் ஃபேனைத்தான் பார்ப்பார் என்று ஸ்டூல் மேலிருந்து பதில் வந்தது.

வரப்போகிறவர் தலைவர். ஊருக்குத் தலைவர், அவளுக்கு மூன்று தேர்தல்களில் முதலாளி. அவள் எழுதியிருக்கும் நாவலைப் படித்துவிட்டு, நேரில் பேசவேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். பதிப்பாளரோ கறாராகச் சொல்லிவிட்டார்: தலைவர் வாயால் சரி என்று வந்தால்தான் புத்தகம் அச்சுக்குப் போகும். அந்த ஆளிடம் பதவி இல்லாவிட்டாலும் வக்கீல்களுக்குக் குறைவில்லை.

எல்லாம் அந்த மச்சானால் வந்தது. கதையில் எல்லோரும் மச்சான் என்று கூப்பிடும் ஒருவன். எந்த இழவு வீட்டிலும் கேமரா இருக்கும் பக்கம் திரும்பி நின்று அழுவான். கொடுத்த வாக்கை மறந்துவிட்டு, ஞாபகப்படுத்துகிறவன் மேல் எரிந்து விழுவான். கைக்குட்டையை நாலாய் மடிப்பது வரை தலைவரேதான். எழுதும்போது கை அதுபாட்டுக்கு ஓடிவிட்டது.

அவள் எழுத வந்தது பாட்டைப் பற்றி. நாளிதழில் கச்சேரி விமர்சனம். பாடகர்கள் அவளுக்கு வைத்த பெயர் கத்திரி. 'சிலர் கண்ணை மூடும்போது சுருதியையும் விட்டுவிடுகிறார்கள்' என்று பெயர் போடாமல் எழுதுவாள். மறுநாள் அந்தச் சிலரில் முதல் ஆளே போன் பண்ணி, யாரோ இன்னொருவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டீர்கள் என்று சந்தோஷப்படுவார். அந்த விமர்சனங்களைப் படித்துத்தான் தலைவர் கூப்பிட்டனுப்பினார். தேர்தல் வியூகம் என்று வேலைக்குப் பெயர் பெரிதாக இருந்தது. தொலைக்காட்சி விவாதத்துக்கு முன்னால், மூடிய அறையில் தலைவரை எதிர்த்து நிற்கும் எதிர்க்கட்சிக்காரராக உட்கார்ந்து அவரைக் கிழி கிழி என்று கிழிப்பதுதான் அதில் முக்கால்வாசி. மூன்றாவது தேர்தலில் தலைவர் தோற்றார். கைதட்டலும் வசவும் எட்டாத ஒரு வேலை வேண்டுமென்று அவள் வீட்டுக்கு வந்து நாவலில் உட்கார்ந்தாள்.

தலைவர் தனியாக வந்தார். டீயைத் தொடவில்லை.

"படிச்சேம்மா. அந்த மச்சான் இருக்கானே... உனக்குத் தைரியம்தான்."

பிஸ்கட் தட்டோடு வந்த கணவர் பாதி வழியில் நின்றுவிட்டார்.

"ஆளை இப்படி உரிச்சு வச்சிருக்கியே. புஸ்தகம் வந்தா அவன் கட்சி ஆபீஸ்ல எப்படித் தலைகாட்டுவான்?"

"யாரு சார்?"

"யாரா? ரூம்ல அவனா உட்கார்ந்து என்னைக் கிழிப்பியே, அதே பேச்சு. ரெண்டாவது பக்கத்துலயே பிடிச்சுட்டேன். எதிர்க்கட்சிக்காரன் குரல் எனக்குத் தெரியாதா கத்திரி?"

மச்சானுக்குக் குணத்தைத் தலைவரிடமிருந்து எடுத்தவள், பேச்சுக்கு மட்டும் அந்த அறையில் எதிர்க்கட்சிக்காரராகத் தான் பேசிப் பழகியதையே கொடுத்திருந்தாள். தலைவர் அந்தப் பேச்சை அடையாளம் கண்டார், மற்றதில் தன்னைக் கண்டுகொள்ளவில்லை. அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. தலைவர் அங்கேயே பதிப்பாளருக்குப் போன் போட்டு, தாராளமாக அச்சடிக்கச் சொன்னார். கணவர் பிஸ்கட் தட்டை வைத்துவிட்டுத் தானே ஒன்றை எடுத்துக்கொண்டார்.

கிளம்பும்போது தலைவர் வாசலில் நின்றார்.

"ஒண்ணு மட்டும் சொல்றேன். அவனும் அவ்வளவு மோசமில்லம்மா. என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில கிடந்தப்ப தினமும் வந்து, வெளிய பெஞ்சில உட்கார்ந்துட்டுப் போவான். ஒரு பத்திரிகைக்கும் சொல்லல. பாவம், அவனுக்கு ஒரு நல்ல குணமாவது சேர்த்து விடு."

கார் தெருமுனையில் திரும்பும் வரை இருவரும் வாசலிலேயே நின்றார்கள். பிறகு சிரித்தார்கள், சோபாவில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும் வரை. புத்தகம் பிழைத்தது, வக்கீல் செலவு பிழைத்தது என்று கணவர் அடுக்கிக்கொண்டே போனார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்:

"அத்தனை வருஷம் கூடவே இருந்தியே. இந்த மனுஷன்கிட்ட நல்லதா ஒண்ணுகூட உன் கண்ணுல படலையா?"

அவள் ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.