உள்ளே போன பெயர்

எங்கள் தேர்வு மையத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் யேசுதாஸைத் திட்டிக்கொண்டேதான் படியிறங்குவார்கள். நானும் திட்டியிருக்கிறேன். பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் பழைய பங்களா ஒன்றை இடித்துவிட்டுக் கட்டிய கட்டடம், மூன்றாவது மாடி. ஐ.டி. ஆட்களுக்கான சான்றிதழ்த் தேர்வுகள் அங்கே நடக்கும். நான் வரவேற்பில் இருக்கிறேன். பக்கத்து மேசை யேசுதாஸுடையது. அடையாள அட்டையைப் பார்ப்பார், போனையும் வாட்சையும் லாக்கரில் வைக்கச் சொல்லிச் சாவி கொடுப்பார், ஆளை உள்ளே அனுப்பிவிட்டு கேமராவில் பார்த்துக்கொண்டிருப்பார். கோலார் தங்கவயலிலிருந்து தினம் ரயிலில் வந்து போகிற மனிதர். பேச்சு குறைவு, நகைச்சுவை அதைவிடக் குறைவு.

அவருடைய கறார் எல்லாம் பெயரில்தான். புக்கிங்கில் உள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும் ஓர் எழுத்து மாறினால்கூடத் திருப்பி அனுப்பிவிடுவார். இதில் அதிகம் மாட்டுவது நம் தமிழ்ப் பிள்ளைகள்தான். நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஓர் இனிஷியலை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டுகிற கூட்டம். இணையதளமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் போட்டு நிற்கும். அப்பா பெயரை எதில் போடுவது என்று தெரியாமல் எதிலாவது போட்டுவிட்டு வந்து முழிப்பார்கள். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி சார்" என்று, கொஞ்சம் அனுசரித்து விடும்படி ஊர்க் கன்னடத்தில் கெஞ்சுவார்கள்.

"பேர்ல அட்ஜஸ்ட் கிடையாதுப்பா" என்பார் யேசுதாஸ்.

பெயர் முன்பின்னாக மாறியிருந்தால் மட்டும் விடலாம் என்று விதியிலேயே இருக்கிறது. அதற்கும் மனசில்லாமல்தான் விடுவார். ஒருநாள் டீ குடிக்கும்போது, "இவ்வளவு பிடிவாதம் எதுக்கு சார்?" என்று கேட்டுவிட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"எங்கப்பா பால்ராஜ், சுரங்கத்துல வேலை. கீழ போறவங்க எல்லாருக்கும் நம்பர் போட்ட பித்தளை டோக்கன் குடுப்பாங்க, அத வச்சுத்தான் யார் கீழ இருக்காங்கன்னு மேல கணக்கு. ஒருநாள் வின்சென்ட்டுன்னு அவர் கூட்டாளி, சிநேகிதன் கல்யாணம், வீட்ல சொல்லாம போறேன், என் ஷிப்ட்ட நீ பாத்துக்கோன்னாரு. அப்பாவும் வீட்ல சொல்லாம வின்சென்ட் டோக்கனையே எடுத்துக்கினு இறங்கிட்டாரு. பாறை சரிஞ்சிடுச்சு. மேல வின்சென்ட் செத்துட்டான்னு சொல்லிட்டாங்க. எங்கம்மா பாவம், வின்சென்ட் பொண்டாட்டிக்குச் சோறாக்கி எடுத்துக்கினு போயி, தலையத் தடவி ஆறுதல் சொல்லிக்கினு இருந்தாங்க. சாயங்காலம் வின்சென்ட் பட்டு வேட்டியோட வந்து நின்னப்பதான் யார் செத்ததுன்னு தெரிஞ்சுது."

நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

"வின்சென்ட் மாமா அதுக்கப்புறம் ரொம்ப நாள் இருந்தாரு. ஆனா பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டாரு. காது நல்லாத்தான் கேட்டுது. அந்தப் பேர் கீழ போயிடுச்சு, மேல வராதும்பாரு."

அதற்குப் பிறகு நான் அவரைத் திட்டுவதை நிறுத்திவிட்டேன்.

போன வருஷக் கடைசியில் கிளவுட் பாதுகாப்புத் தேர்வு ஒன்றின் பழைய பாடத்திட்டம் முடிவதாக அறிவிப்பு வந்தது. பெங்களூரே அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தது. மாதக் கடைசி வரை எந்த மையத்திலும் இடம் இல்லை. யேசுதாஸின் மகள் பிரிசில்லாவுக்கும் அதே தேர்வு. பீன்யாவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் பில் போட்டுக்கொண்டே ராப்பகலாய்ப் படித்தவள். ஒரு பெரிய கம்பெனி அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டது. மாதம் முடிவதற்குள் சான்றிதழைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அந்த வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். மனைவி போன பிறகு யேசுதாஸுக்கு உலகத்தில் இருக்கிற ஒரே ஆள் அவள்.

மையத்திலேயே வேலை பார்த்தாலும் எங்களால் ஓர் இடம்கூட ஒதுக்க முடியாது. எல்லாம் இணையதளத்தில்தான். யாராவது தேதியைத் தள்ளிப் போட்டால் ஓர் இடம் தலைகாட்டும், கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும். அப்பாவும் மகளும் காலை ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து, மாலூரில் சிக்னல் வந்ததும் ஆளுக்கொரு போனில் திரையைத் தட்டிக்கொண்டே வருவார்களாம். ஒருநாள் அவள் போனில் மட்டும் எங்கள் மையத்திலேயே ஓர் இடம் வந்தது. விவரங்களை நிரப்பச் சில நிமிஷம்தான் இணையதளம் அதைப் பிடித்துவைக்கும். ரயில் ஆட, சிக்னல் போய்ப் போய் வர, கிடைத்த வேகத்தில் நிரப்பிவிட்டாள். அப்பாவும் மகளும் ரயிலிலேயே அழுதுவிட்டார்களாம்.

தேர்வன்று காலையில் பட்டியலைத் திறந்த யேசுதாஸின் முகம் வெளுத்துப்போனது. எட்டிப் பார்த்தேன். முதல் பெயர் யேசுதாஸ், கடைசிப் பெயர் பிரிசில்லா. இனிஷியலை முன்னால் எழுதிப் பழகிய கை, அவசரத்தில் அப்பா பெயரையே முதலில் போட்டுவிட்டது. எங்கள் திரையில் முதல் பெயர் மட்டும்தான் பெரிதாகத் தெரியும்: யேசுதாஸ், ஏழாம் இருக்கை.

"முன்பின்தானே சார், விதியிலேயே விடலாம்னு இருக்கு" என்றேன்.

அவர் கூட வந்திருந்த மகளைப் பார்த்து, "இன்னைக்கு வேணாம்மா. வீட்டுக்குப் போயிடு" என்றார்.

"அப்பா, இதை விட்டா வேற நாள் இல்லப்பா. வேலை போயிடும்" என்றாள். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. "நகருங்க சார், நானே அனுப்புறேன்" என்று அவர் மேசைப் பக்கம் போனேன்.

"வேணாம்மா. போறது என் பேரு. நான்தான் அனுப்பணும்."

சாவியைக் கொடுத்தார். அவள் உள்ளே போனாள். யேசுதாஸ் என்ற பெயருக்கு நேரே பச்சைப் புள்ளி எரிந்தது. ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். அவர் கேமராத் திரையை விட்டுக் கண்ணெடுக்கவே இல்லை.

பிரிசில்லா தேறிவிட்டாள். சிரிப்பும் கண்ணீருமாக வெளியே வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் என்னிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "உள்ள யாரோ அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க ஆன்ட்டி. ஹெட்போனை மாட்டியும் கேட்டுச்சு. நான் திரும்பிப் பார்க்கல" என்றாள். பரீட்சைப் பதற்றம் என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

ஆனால் பச்சைப் புள்ளி அணையவில்லை. தேர்வெழுத வந்த எல்லோரும் போய்விட்டார்கள். கணினியை அணைத்துப் போட்டும் பார்த்தேன். உதவி எண்ணில் பேசியவன், "எங்க பக்கம் தேர்வு முடிஞ்சிடுச்சு மேடம். உங்க பக்கம் யாராவது உள்ள இருக்காங்களா பாருங்க" என்றான். கேமராவில் பார்த்தேன். அறையில் யாரும் இல்லை. ஏழாம் நாற்காலி மட்டும், உட்கார்ந்தவர் எழுந்திருக்காத மாதிரி, மேசையை விட்டுச் சற்றுப் பின்தள்ளியிருந்தது.

"நீங்க வீட்டுக்குப் போங்கம்மா. நான் பாத்துட்டு வரேன்" என்று யேசுதாஸ் எழுந்தார். போவதற்கு எனக்கு மனம் வரவில்லை. அவர் உள்ளே போய் ஏழாம் இருக்கையில் உட்கார்ந்ததைத் திரையில் பார்த்தேன். காதருகே யாரோ பேசுவதைக் கேட்பவர்போலத் தலையைச் சாய்த்திருந்தார். நடுவில் ஒருமுறை, சரி என்று தலையாட்டினார். பிறகு எழுந்து வெளியே வந்தார். புள்ளி அணைந்தது.

"என்ன சார் பண்ணீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா. பொண்ணு வெளிய வந்துட்டா இல்ல, அது போதும். பேர்தானே, உள்ளயே இருந்துட்டுப் போவட்டும்."

மறுநாள் காலையில் நான் வந்தபோது அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாவிகளை மாட்டிக்கொண்டிருந்தார். தேர்வறை இன்னும் பூட்டித்தான் இருந்தது. எப்போதும்போல, "யேசுதாஸ் சார்" என்று கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. பூட்டிய அறைக்குள் யாரோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கும் சத்தம் கேட்டது.

வாயில் வந்ததைச் சொல்லி மறுபடியும் கூப்பிட்டேன்.

"பிரிசில்லா அப்பா."

உடனே திரும்பி, "சொல்லுங்கம்மா" என்றார்.

அன்றிலிருந்து அவரை அப்படித்தான் கூப்பிடுகிறேன். இன்னொரு பெயரை அந்த மாடியில் நான் சொல்வதே இல்லை.