குடிக்காதவனின் மனைவி

அந்தத் தெருவில் எல்லாரும் அவளைப் பளிச்சு என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் சின்னவர்களுக்குப் பளிச்சக்கா. எப்பேர்ப்பட்ட அழுக்குத் துணியைக் கொடுத்தாலும் பளிச்சென்று திருப்பிக் கொடுப்பாள் என்பதால் வந்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரே ஓர் ஆள்தான் இருந்தான். அவள் கணவன். அவன் போனதோடு அந்தப் பெயரும் போய்விட்டது.

வீட்டின் முன்னறைதான் அவளுடைய சலவைக்கடை. தேய்க்கிற மேசை, அதன்மேல் மடித்து விரித்த பழைய கம்பளி, சுவரெல்லாம் பலகைத் தட்டுகள். பின்பக்கம் சிமென்ட் தொட்டியும் துவைக்கிற கல்லும். மொட்டைமாடியில் கொடிகள்.

தெருக்கோடியில் சாயத் தொழிற்சாலை. அதன் கழிவு ஓடையில் இறங்கி, ஓடையிலிருந்து மண்ணுக்குள் இறங்கி, கடைசியில் தெருவின் அடிபம்பில் இளஞ்சிவப்பாக வந்து கொட்டியது. அந்தத் தெருவில் வெள்ளைத் துணி என்று ஒன்று கிடையாது. வேட்டி, பனியன், பள்ளிச் சட்டை எல்லாம் ஒரே ரோஸ். "முதலாளி நமக்கு இலவசமா யூனிஃபார்ம் கொடுத்திருக்காருப்பா" என்று டீக்கடையில் சிரித்துக்கொள்வார்கள். சிரித்துவிட்டுச் சொறிந்துகொள்வார்கள். பாதிப் பேருக்குத் தோலில் தடிப்பு.

வெளியூர் வாடிக்கையாளர்களின் வெள்ளைத் துணிகளுக்காகப் பளிச்சு லாரித் தண்ணீர் வாங்குவாள். தெருக்காரர்களின் துணிக்கு அடிபம்புதான். அவர்களும் குறை சொன்னதில்லை.

அவள் கணவன் அந்தத் தொழிற்சாலையில் பம்பு மெக்கானிக். ஒருநாள் கழிவுத் தொட்டிக்குள் மோட்டார் சிக்கிக்கொண்டது. தொட்டியை இறைத்துவிட்டுத்தான் ஆளை இறக்க வேண்டும். இறைத்தால் உற்பத்தி நின்றுவிடும். இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி அவனை அப்படியே இறக்கினார்கள். கயிறு மேலே வந்தது. அவன் உயிரோடு வரவில்லை.

அன்று மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கம்பெனி டாக்டர் ஒரு வார்த்தை சொன்னார், முதலாளி அதையே பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார், மறுநாள் அது அச்சிலும் வந்தது. குடித்திருந்தான். தடுமாறி விழுந்துவிட்டான்.

குடித்திருந்தானா? அவனா? இருமல் மருந்தைக் கொடுத்தாலே மூக்கைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடுகிற மனிதன் அவன்! ஆனால் அதற்கு ஒரு சாட்சி இருந்தது. அந்தச் சாட்சி அவன் கூடப்பிறந்த தம்பி.

"பம்பு ரூம் பின்னாடி நின்னு குடிச்சுக்கிட்டிருந்தாரு. நான் கண்ணால பார்த்தேன்" என்று அவன் சொன்னான். சொன்ன கொஞ்ச நாளில் சூப்பர்வைசர் ஆனான்.

சின்ன மகன் சொன்னதைத் தாய் நம்பினாள். பெரியவனின் உடல் கூடத்தில் கிடக்கும்போதே, கூடியிருந்தவர்கள் முன்னால், மருமகளைப் பார்த்துக் கத்தினாள்.

"நீதான்டி என் புள்ளையைக் குடிக்க வெச்சவ! வீட்டுல நிம்மதி இருந்தா அவன் ஏன்டி குடிக்கப் போறான்?"

அந்தச் சத்தம் தெருமுனை வரை கேட்டது. பிறகு துணிமணியை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டில் இருந்த சின்ன மகனிடம் போய்விட்டாள்.

பளிச்சு அழவில்லை. அந்த வார்த்தையை எந்தெந்த வாய் சொன்னதோ, அந்தந்த வாயே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அதுவரைக்கும் உயிரோடு இருப்பேன் என்று முடிவு செய்தாள்.

அவளைத் தேடி வந்தது நர்ஸம்மாதான். அரசு ஆஸ்பத்திரியில் ஓய்வு பெற்றவர். தெருக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு தொழிற்சாலைக்கு எதிராகக் குழு நடத்திக்கொண்டிருந்தார். ஓடையில் கழிவை விடாதே, மனிதனைத் தொட்டிக்குள் இறக்காதே. இந்த இரண்டே கோரிக்கை. அவர் வீட்டு முன்னறையில் இரும்பு நாற்காலிகளைப் போட்டு வாராவாரம் கூட்டம் நடக்கும். பளிச்சு ஓரமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்பாள்.

ஆலையை இன்னும் பெரிதாக்க முதலாளி அனுமதி கேட்டிருந்தார். அதற்கு முன்னால் பொதுமக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்பது சட்டம். பெரிய கல்யாண மண்டபத்தில் கூட்டம் என்று அறிவிப்பு வந்ததும் பளிச்சு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அந்த மண்டபத்துக்கு மேடைத் துணி, நாற்காலி உறை எல்லாம் நான்தான் துவைச்சுக் கொடுக்கறேன் நர்ஸம்மா. எல்லாமே வெள்ளை."

"அதுக்கு?"

"இந்தத் தடவை லாரித் தண்ணி வாங்கப் போறதில்லை."

நர்ஸம்மாவுக்கு ஒரு நிமிடம் பிடிபடவில்லை. பிடிபட்டதும் வாய்விட்டுச் சிரித்தார். "அடிப்பாவி! பேச்சே வேண்டாம், மேடையே பேசும்." பிறகு முகம் மாறியது. "ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. இது போராட்டம். பழிவாங்கறது வேற."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள் பளிச்சு.

கூட்டத்துக்கு முதல் நாள் காலையில் கொழுந்தன் கடைக்கு வந்தான். அவனுடைய துணியெல்லாம் இன்னும் இங்கேதான் வெளுத்தது. சொந்தம்தானே என்று வெட்கமில்லாமல் கொண்டுவந்து போடுவான். அவளும் வாங்கிக்கொள்வாள்.

"அண்ணி, நாளைக்குக் கம்பெனி ஆளுங்க எல்லாரும் சாதாரண சட்டையில வரணுமாம். பொதுஜனம் மாதிரி."

"பொதுஜனம் மாதிரியா? நிஜப் பொதுஜனம் ஸ்டாக் இல்லையாமா?"

"கிண்டல் பண்ணாதீங்க அண்ணி. ஷிப்ட் முடிஞ்சு நேரா மண்டபத்துக்கு வந்துடுவேன். என் கோடு போட்ட சட்டையைத் தேய்ச்சு அங்கயே கொண்டுவந்துடுங்க. நீங்க எப்படியும் துணி விரிக்க வருவீங்களே."

"கொண்டுவர்றேன். சாட்சி சொல்லணுமா?"

அவன் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு பேசினான். "கேட்டா சொல்லணும். அம்மாவையும் முதல் வரிசையில உட்கார வைக்கச் சொல்லியிருக்காங்க. செத்தவரோட அம்மாவே கம்பெனி பக்கம்னு காட்டணுமாம்."

"அதே பொய்யைச் சொல்வியா?"

"எனக்கும் வயிறு இருக்கு அண்ணி."

"உங்க அண்ணனுக்கும் இருந்துச்சு."

அவன் போய்விட்டான். அவள் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்தாள். பிறகு உள்ளறைக்குப் போய் அலமாரியைத் திறந்தாள்.

ஊர்த் துணியையெல்லாம் துவைத்தவள் ஒரே ஒரு சட்டையை மட்டும் துவைக்காமல் வைத்திருந்தாள். நீலக்கோடு போட்ட சட்டை. அவள் கணவன் கடைசியாகக் கழற்றிப் போட்டது. தையல் மிஷினில் உட்கார்ந்து அவன் அம்மாவே தைத்துக் கொடுத்தது. துணி போதாமல் பாக்கெட்டில் மட்டும் கோடு குறுக்கே ஓடும். தனிமை தாங்க முடியாத போதெல்லாம் அதில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். கிரீஸ் வாசனையும் அவன் வியர்வையும் இன்னும் அதில் இருந்தன.

சலவைக்கடைக்காரிக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். ஆண்கள் எவனும் தன் சட்டையை அடையாளம் கண்டுகொள்ள மாட்டான். பொட்டலத்தில் எது மடிப்புக் கலையாமல் இருக்கிறதோ அதைப் போட்டுக்கொண்டு போய்விடுவான். மாறிப்போன சட்டையைத் திருப்பிக் கொடுக்க இதுவரை ஓர் ஆண் கடைக்கு வந்ததில்லை. வருவது மனைவி, இல்லையென்றால் அம்மா. தையலையும் பட்டனையும் பார்த்தே பெண்கள் சொல்லிவிடுவார்கள்.

ஆனால் அழுக்குச் சட்டையைப் பொட்டலம் கட்ட முடியாது. துவைத்தாக வேண்டும்.

கடைசியாக ஒருமுறை அதை முகர்ந்தாள். பிறகு, மிச்சமிருந்த லாரித் தண்ணீரை வாளியில் ஊற்றிச் சட்டையை அதில் அமுக்கினாள். தண்ணீர் கலங்கியது. அவன் அந்த வீட்டை விட்டு இரண்டாவது முறையாகப் போனான். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சோப்பு நுரைக்குள் கண்ணீர் விழ விழ, நெஞ்சு வெடிக்க அழுதாள். சட்டையை மட்டும் விடாமல் கசக்கினாள்.

மறுநாள் மண்டபத்துக்குள் வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். மேடைத் திரை ரோஸ். மேசை விரிப்பு ரோஸ். வரிசை வரிசையாக நாற்காலி உறைகள் எல்லாம் ரோஸ். நடுவில் வெள்ளை வெளேரென்ற சட்டையில் முதலாளி மட்டும் தனியாகத் தெரிந்தார்.

விசாரணை அதிகாரி ஒரு பெண். மேசை விரிப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது யாரோட அலங்காரம்?" என்று கேட்டார்.

பளிச்சு கீழிருந்து எழுந்தாள். "அலங்காரம் இல்லீங்க மேடம். எல்லாம் வெள்ளைத் துணி. எங்க தெருத் தண்ணியில துவைச்சேன், அவ்வளவுதான்."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை. "சாயத்தைக் கலந்துட்டு வந்து நாடகம் போடறா" என்றார்.

நர்ஸம்மா ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு வந்தார். "இப்ப அடிச்ச தண்ணி. உங்க கைக்குட்டையைக் கொடுங்க, முக்கிக் காட்டறேன்."

முதலாளி கையைச் சட்டைப்பைக்குக் கொண்டுபோகவே இல்லை. அதிகாரியே தன் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துக் குடத்துக்குள் விட்டார். பிழிந்து விரித்துப் பார்த்தார். அதுவும் ரோஸ்.

முதலாளிக்கு நிதானம் போய்விட்டது. பளிச்சுவை நோக்கி விரலை நீட்டினார். "இவ யாருன்னு கேளுங்க மேடம்! குடிச்சுட்டு எங்க தொட்டியில விழுந்தவன் பொண்டாட்டி. பழிவாங்க வந்திருக்கா!"

"ஆமா, பழிவாங்கத்தான் வந்திருக்கேன்" என்றாள் அவள். "அவர் குடிச்சாருன்னு பார்த்தவன் யாரு? அவனை மேடைக்குக் கூப்பிடுங்க."

"கூப்பிடறேன்! சூப்பர்வைசர், மேல வாய்யா!"

மண்டபத்தின் பின்னறையில் அவசர அவசரமாகச் சட்டை மாற்றிக்கொண்டிருந்த கொழுந்தன், தலைமுடியைக் கையால் ஒதுக்கியபடி மேடையேறினான். அண்ணி கொண்டுவந்து வைத்திருந்த பொட்டலத்தைப் பிரித்தபோது பட்டன் எல்லாம் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்திருந்தான்.

முதல் வரிசையிலிருந்து ஓர் அலறல் எழுந்தது.

"பெரியவனே!"

தாய் எழுந்துவிட்டாள். யார் தடுத்தும் நிற்காமல் மேடைப்படி ஏறினாள். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே உடல்வாகு, ஒரே நடை. கிட்டே போனதும்தான் முகம் தெரிந்தது. கை மட்டும் தானாகப் போய் அந்தப் பாக்கெட்டைத் தடவியது. குறுக்கே ஓடிய கோட்டின்மேல் அவள் விரல் நின்றது.

"இது நான் தெச்ச சட்டைடா. உங்க அண்ணன் சட்டை. இதைப் போட்டுக்கிட்டா அவனைக் குடிகாரன்னு சொல்ல வந்திருக்கே?"

அவன் குனிந்து சட்டையைப் பார்த்தான். முகம் வெளிறிப்போனது. கூட்டத்தில் அண்ணியைத் தேடினான். அவள் கண் இமைக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா... நான்..."

"இந்தச் சட்டை மேல கையை வெச்சுச் சொல்லு. அவன் குடிச்சானா?"

கை பாக்கெட் வரை போனது. அதற்குமேல் அவனால் முடியவில்லை. அப்படியே மேடையில் உட்கார்ந்துவிட்டான்.

"குடிக்கலைம்மா! அண்ணன் குடிக்கவே இல்லை! தொட்டியை இறைக்கச் சொன்னாரு. முகமூடியாவது கொடுங்கன்னு கேட்டாரு. எதுவும் கொடுக்கலை. முதலாளிதான் என்னை அப்படிச் சொல்லச் சொன்னாரு..."

மைக் அவன் வாய்க்கு நேராக இருந்தது. ஒவ்வொரு சொல்லும் மண்டபம் முழுக்க ஒலித்தது. அதிகாரி அதை அப்படியே பதிவு செய்யச் சொன்னார். "சட்டை மாறிடுச்சா?" என்று நர்ஸம்மா மெல்லக் கேட்டார்.

ஆலை விரிவாக்கத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. இருந்த ஆலைக்கும் பூட்டுப் போட்டார்கள். முதலாளிமேல் வழக்குப் பதிவானது. கொழுந்தன் சட்டையைக் கழற்றி மடித்து எடுத்துக்கொண்டு வந்து கடை வாசலில் நின்று, "மன்னிச்சுடுங்க அண்ணி" என்றான். அவள் சட்டையை வாங்கிக்கொண்டாள். மன்னிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இனி உன் துணியை வேறு எங்காவது போட்டுக்கொள் என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், மாமியார் துணி மூட்டையோடு வாசலுக்கு வந்தாள். பளிச்சு தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"அத்தை, அங்கேயே நில்லுங்க."

"அவன் முகத்துல முழிக்கப் பிடிக்கலை. நான் இங்கயே இருந்துக்கறேனே?"

"இருக்கலாம். அதுக்கு முன்னாடி ஒண்ணு. அன்னைக்கு என்னைப் பார்த்துக் கத்துனீங்களே, தெரு முழுக்கக் கேட்டுச்சே? அதே சத்தத்துல இப்பச் சொல்லுங்க. உங்க மகன் குடிப்பாரா?"

கிழவி மூட்டையை இறுக்கிப் பிடித்தாள். "மாட்டான்."

"எனக்கே கேட்கலை."

"என் மகன் குடிக்க மாட்டான்."

"டீக்கடைக்குக் கேட்கணும் அத்தை."

மாமியார் மூட்டையைக் கீழே போட்டுவிட்டுத் தெருவைப் பார்த்துத் திரும்பினாள். இரண்டு கையாலும் மார்பில் அடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினாள். "என் மகன் குடிக்க மாட்டான்! என் மருமக மேல ஒரு குத்தமும் இல்லை! நான்தான் பாவி!" ஜன்னல்கள் திறந்தன. எதிர்வீட்டு வாசலில் நின்றிருந்த சின்னவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பளிச்சு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். வெளியே வந்து மூட்டையை எடுத்துக்கொண்டு, "உள்ள வாங்க, சாப்பிடலாம்" என்றாள்.

வழக்கு என்றதும் கம்பெனி டாக்டரும் போலீஸிடம் போய்த் தன் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். முதலாளி மட்டும் பாக்கி. ஜாமீனில் வெளியே வந்து நடமாடிக்கொண்டிருக்கிறார். சமாதானமாகப் போகலாம் என்று அவருடைய வக்கீல் ஆள் அனுப்பிப் பார்த்தார். "பேப்பர்காரங்க முன்னாடி அந்த வார்த்தையை வாபஸ் வாங்கச் சொல்லுங்க, அப்புறம் பேசுவோம்" என்று பளிச்சு கதவைச் சாத்திவிட்டாள்.

வழக்கு நடக்கிற நாளெல்லாம் கடைக்குப் பூட்டுத்தான். மாமியாரும் மருமகளும் சேர்ந்தே கோர்ட்டுக்குப் போகிறார்கள். முதலாளி தலையைத் திருப்பினால் முதலில் கண்ணில் படுகிற பெஞ்சாகப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறார்கள். அவர் இன்னும் சொல்லவில்லை. அவர்களுக்கும் அவசரமில்லை.